பத்து நாள் தண்ணீர்

"தண்ணி மட்டும்தான் ஊத்துனேன் மாமா, வேற ஒண்ணும் பண்ணல" என்று செங்குட்டுவன் அன்றைக்குச் சொன்னதை மாசிலாமணி பன்னிரண்டு வருஷமாக நம்பவில்லை. நம்பவில்லை என்றால் முழுசாக நம்பாமல் போய்விடவும் இல்லை. அப்படிப் போயிருந்தால் என்றைக்கோ ஒரு முடிவுக்கு வந்து மச்சினனை வாசலோடு நிறுத்தியிருக்கலாம். நம்பியிருந்தால் மனசுக்குள்ளாவது அவன் காலில் விழுந்து எழுந்திருக்கலாம். இரண்டுக்கும் துப்பில்லாமல், பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துணுக்கை நாக்கு துழாவுகிற மாதிரி அந்த ஒரு வாக்கியத்தைத் துழாவிக்கொண்டே ஐம்பத்தேழு வயசுக்கு வந்து சேர்ந்துவிட்டார். இப்போது, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, குன்னூர் வீட்டின் பின்பக்கச் சிமெண்ட் தரையில், அதைச் சொன்னவனே அவருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, பன்னீர் ரோஜாவின் காம்பைத் திருகி இதழ்களை உதிர்த்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை அவர் மகள் எழில் தன் பெண்குழந்தைக்குக் காது குத்துகிறாள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அதனால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் மாமன் இடத்தில் தன் தாய்மாமனையே உட்காரவைப்பதென்று அவள் தீர்மானித்து, ஓசூரிலிருந்து நாலு நாள் முன்னதாகவே அவனை வரவழைத்துவிட்டாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க ரோஜா சர்பத். அதற்குத்தான் இந்த இதழ்கள். தாய்மாமன் கை, ரோஜா இதழ், எழிலின் குழந்தை. மூன்றையும் ஒரே நினைப்புக்குள் வைத்துப் பார்த்தபோது மாசிலாமணியின் விரல் ஒரு முள்ளில் போய் நின்றது.

"என்னுங்க மாமா, பூவைக் கையில வச்சிட்டுத் தூங்கறீங்க? நாலு பூ உதிர்க்கறதுக்குள்ள நான் நாப்பது முடிச்சாச்சு. சர்வேயர் ஆபீசுல இப்படித்தான் வேலை நடக்குதா?" என்றான் குட்டுவன். "நீ தோட்டத்துல லட்சக்கணக்குல பாத்தவன் மாப்ள, உங்கூட எனக்கென்ன போட்டி" என்றார் அவர். சொன்னது சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் "தோட்டத்துல" என்ற சொல் வாயைவிட்டுப் போனதும் அதன் பின்னால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிட்டது. அப்போது குட்டுவன் கோத்தகிரிப் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் மருந்தடிக்கிற பிரிவில் இருந்தான். பெட்டியில் அடுக்கி விமானத்தில் போகிற ரோஜாக்கள் அவை. யாரும் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், முகர்ந்தாலும் வாசனை இருக்காது. ஒரு இதழில் ஒரு புள்ளி இருந்தாலும் பெட்டி திரும்பி வந்துவிடும். பதினைந்து வருஷம் அந்தக் கூடாரத்துக்குள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தவனுக்கு ரோஜா என்பது கண்ணுக்கான பொருள். அதை வாயில் போடுகிறவர்கள் உண்டென்பது அவனுக்குத் தெரியும், அக்காவே போடுவாள். ஆனாலும் தெரிவது வேறு, கைக்குத் தெரிவது வேறு. கை தன் பழக்கப்படிதான் போகும். பூச்சியைக் கண்டால் கை மருந்துக்குப் போகும். இப்படி அவனுக்காக வாதாடிக்கொடுப்பதும் தானே என்பது அவருக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். குற்றத்தை அவனுக்கு வைப்பது, பிறகு அவனுக்கு மன்னிப்பு எழுதித் தருவது, பிறகு மன்னிப்புக் கொடுக்க நீ யார் என்று தன்னையே கேட்பது. செக்கு சுற்றுகிற மாடாவது ஒரு பக்கமாகச் சுற்றும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சித்திரை. மனைவி தேன்மொழிக்கு இதய வால்வில் கோளாறு என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துக்கொண்டார்கள். எழில் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாள். பின்பக்கம் பதினாறு தொட்டியில் பன்னீர் ரோஜா, ஆறு தொட்டியில் லாவெண்டர், பத்து நாளைக்கு அவற்றை யார் பார்ப்பது என்றுதான் தேன்மொழி கவலைப்பட்டாள், தன் நெஞ்சைப் பற்றியல்ல. ரோஜாவில் குல்கந்து போடுவாள், லாவெண்டர் கதிர்களைப் பாதி மொட்டு விரிந்ததும் வெட்டித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, காய்ந்த பின் உருவி, சர்க்கரை டப்பாவில் போட்டு வைப்பாள். அந்தச் சர்க்கரையில் செய்கிற பிஸ்கட்டுக்குத் தெருவில் ஆள் உண்டு. செடிக்கு மருந்து என்ற பேச்சையே எடுக்க விடமாட்டாள். அசுவினிப் பூச்சி மொய்த்தால் விரலால் வழித்து நசுக்குவாள், நகமெல்லாம் பச்சையாகிவிடும். "திங்கறதுக்கு வளக்கறோம், அதுல போயி மருந்தா" என்பாள். அவர்கள் காரில் ஏறின காலை மொட்டுக்களில் அசுவினி கருப்பாக அப்பியிருந்தது. குட்டுவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மாசிலாமணி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதுதான் சிக்கல். "செடியைப் பாத்துக்க" என்றா, "பூச்சியைப் பாத்துக்க" என்றா? இரண்டில் ஒன்றை அவர் சொன்னார். சில நாள் முதலாவது சத்தமாகக் கேட்கும், சில நாள் இரண்டாவது. தன் குரலே தனக்கு எதிராக இரண்டு சாட்சி சொல்லும். எல்லைக்கல் காணாமல்போன நிலத்தில் இரண்டு பங்காளிகளும் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள், அவர் நடுவில் அளவுச் சங்கிலியை வைத்துக்கொண்டு நிற்பார். அங்கேயாவது பழைய வரைபடம் ஒன்று இருக்கும்.

திரும்பி வந்தபோது ரோஜாக்கள் சுத்தமாக இருந்தன. அது நன்றாக ஞாபகமிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. மொட்டில் ஒரு அசுவினி இல்லை. இலை ஓரத்தில் ஒரு குட்டித் தேனீ வட்டம் வட்டமாக வெட்டி எடுத்துப்போகுமே, புதுத் தளிரில் அந்த வெட்டு ஒன்றுகூட இல்லை. லாவெண்டர் தொட்டிகளுக்குக் கீழே, சுவரோரம், ஏழு தேனீக்கள் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தன. எண்ணினார். எண்ணுவது அவர் தொழில். மண்ணைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்து வெடித்திருந்தது. அதுவும் ஒரு முடிச்சு. தினமும் காலை மாலை ஊற்றினேன் என்றான் குட்டுவன். தினமும் ஊற்றியிருந்தால் லாவெண்டர் வேர் அழுகி உட்கார்ந்திருக்கும், அது அவ்வளவு தண்ணீர் தாங்காது. ஆனால் லாவெண்டர் ஜம்மென்று நின்றது. ஆக அவன் தினமும் வரவேயில்லை. வரவேயில்லையென்றால் மருந்தும் போட்டிருக்க மாட்டான், வெறும் சோம்பேறி, சோம்பேறியாக இருந்திருந்தால் அவன் நிரபராதி. அல்லது ஒரே ஒரு நாள் வந்து, வேரில் குருணை மருந்தைத் தூவி, அது கரைய ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, இனிமேல் பூச்சி பற்றிக் கவலையில்லை என்று போயிருப்பான். வேரில் போட்டால் தண்டேறி இலையேறிப் பூவுக்கும் வந்துவிடும், கழுவினாலும் போகாது. எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சுவரோரத்து ஏழு தேனீக்களிடம் வந்து நிற்க வேண்டியிருந்தது. தேன்மொழி நாற்காலியில் உட்கார்ந்தபடி கைதட்டாத குறை. "பாருங்க, எந்தம்பி கை ராசியை! ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த எனக்கு இதவிட என்ன வேணும்?" பத்து நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தார். துடைப்பத்தை எடுத்து, ஏழு தேனீக்களையும் பெருக்கி, சாக்கடையில் தள்ளினார். வாயைத் திறக்கவில்லை.

அதுதான். யாரிடமும் சொல்லாதது அதுதான். குட்டுவன் மருந்து போட்டானா இல்லையா என்று பன்னிரண்டு வருஷம் கேட்டுக்கொண்டதெல்லாம், நீ பார்த்தாயே, நீ ஏன் சொல்லவில்லை என்கிற கேள்வி எழும்பாமல் இருக்கப் போட்ட சத்தம்தானோ? அப்போது சொல்ல என்ன இருந்தது? பூச்சி இல்லை என்று புகார் சொல்வதா? நோயாளியிடம் போய், உன் தம்பி விஷம் வைத்துவிட்டான் என்பதா? "உங்களுக்கு எதுலதாங்க சந்தேகமில்ல" என்று சிரித்திருப்பாள். சிரித்திருந்தால்தான் என்ன? ஒரு வாய் வார்த்தை. இந்தத் தடவை வேண்டாம் தேனு, அடுத்த பூவுக்குப் பாக்கலாம். ஐந்து வினாடி ஆகியிருக்காது. அவள் அந்தப் பூக்களைப் பறித்தாள், இதழும் கற்கண்டுமாக ஜாடியில் அடுக்கினாள், குன்னூர் வெயிலை நம்ப முடியாமல் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஒரு மாசம் அலைந்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே ஆபீசுக்குப் போய்வந்தார். சர்க்கரை வியாதி, அவர் தொடமாட்டார். தினம் காலையில் ஒரு கரண்டி அவள் மட்டும். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் ஒழுகியது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள், கண்ணின் கருவிழிப் பொட்டு கடுகு மாதிரி சிறுத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. டாக்டர் பழைய காகிதங்களைப் பார்த்தார், ஹார்ட் என்றார். யாரும் வேறு கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஓர் உரக்கடையில் மழைக்கு ஒதுங்கியபோது, பூச்சிமருந்து டப்பாவோடு வருகிற துண்டுத்தாளைச் சும்மா எடுத்துப் படித்தார். விஷம் ஏறினால் வியர்வை, எச்சில், வயிற்றுவலி, கருவிழிப் பொட்டு சிறுத்தல். மழை விட்ட பிறகும் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அந்தக் கடுகை அவர் அவள் கண்ணில் பார்த்தாரா, தாளில் படித்த பிறகு கொண்டுபோய் அவள் கண்ணில் வைத்தாரா? சத்தியமாகத் தெரியவில்லை. ஜாடியை வைத்திருந்தால் சோதித்திருக்கலாம். எறும்பு வருகிறதென்று, அவள் உடலை எடுத்த மூன்றாம் நாளே, வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது, தானே அதைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். எறும்பு வந்ததா? வந்த மாதிரிதான் ஞாபகம். அன்றைக்குத்தான் குழாயடியில் குட்டுவனைப் பார்த்து, "செடிக்கு என்ன ஊத்துன மாப்ள?" என்று கேட்டார். அழுது வீங்கின முகத்தோடு அவன் அந்த வாக்கியத்தைச் சொன்னான். வேற ஒண்ணும் பண்ணல. வேற எதையும் அவர் கேட்கவேயில்லையே.

"மாமா, இங்க பாருங்க" என்று குட்டுவன் ஒரு பூவை நீட்டினான். மொட்டின் கழுத்தில் அசுவினி. இரண்டு மூன்று அவன் கட்டைவிரலில் ஏறி நடந்தன. "பேன் மேயுதுங்க. ஒரு கரண்டி குருணையை வேர்ல போட்டீங்கன்னா ரெண்டு மாசத்துக்கு ஒண்ணும் அண்டாது." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "அக்கா இருந்திருந்தா இந்நேரம் கரண்டியாலயே போட்டிருக்கும் என்னை." மாசிலாமணி முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் செய்தவன் இதை வாயால் சொல்வானா? செய்யாதவன்தான் இத்தனை லேசாகச் சொல்வான். அல்லது செய்தவன்தான், பன்னிரண்டு வருஷத்தில் அதை மறந்து, மறந்ததால் நிரபராதியாகி, கைப்பழக்கம் மட்டும் மிஞ்சிப்போய், இப்படிச் சொல்வான். அவன் முகத்தைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டின முகம், கன்னத்தில் அந்தக் கூடாரத்து மருந்து அரித்த கரும்படை, தேன்மொழியின் மூக்கு. எழிலின் கல்யாணத்தில் பந்தல்கால் நடுவதிலிருந்து எச்சில் இலை எடுப்பதுவரை இவன்தான் நின்றான். பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவன் இவன். அன்பா, பரிகாரமா? ஒருவன் நல்லவனாக இருப்பதே அவன்மேல் சந்தேகத்தைக் கூட்டும் என்றால், சந்தேகப்படுகிறவன் என்ன ஜென்மம்?

எழில் சமையல்கட்டிலிருந்து கிண்ணத்தோடு வந்தாள். போன மாசம் தானே போட்ட குல்கந்து. "மாமா, வாயைத் திறங்க. வெத்தலையோட இதையும் வெக்கலாம்னு இருக்கேன். நல்லாயில்லன்னா இப்பவே சொல்லிடுங்க, மானம் போயிரும்." குட்டுவன் குழந்தை மாதிரி வாயைத் திறந்தான். மென்றான். கண்ணை மூடித் தலையாட்டினான். "பரவால்ல புள்ள, தேறிட்ட." எழில் இடுப்பில் கைவைத்தாள். "பரவால்லையா? அம்மா போட்டத விடவா கொறச்சல்?" "அதெப்படி ஆகும்? அக்கா கை வேற. கடைசியா போட்டுச்சு பாரு, ஆஸ்பத்திரிலிருந்து வந்து. நான் அந்தப் பக்கமா வேலைக்குப் போறப்ப எட்டிப் பாத்தேன். அப்பத்தான் ஜாடியத் தொறக்குது. தான்கூட வாயில வெக்கல, மொதல்ல எனக்குத்தான் ஒரு ஆர்லிக்ஸ் பாட்டில்ல போட்டுக் குடுத்துச்சு. எந்தம்பி பாத்த செடி, மொத பங்கு அவனுக்குன்னு..." அதோடு நிறுத்திக்கொண்டான். தன் கண் கலங்கிவிட்டதால் நிறுத்தினான் என்று எழில் நினைத்தாள். அவன் தோளைத் தட்டினாள். உள்ளே குழந்தை சிணுங்கவும் கிண்ணத்தை முக்காலியோரம் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு பாட்டில் இருந்தது. மாசிலாமணிக்கு முறத்திலிருந்த இதழ்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சிவப்பாகத் தெரிந்தன. பன்னிரண்டு வருஷம் ஜாடி ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டிருந்தார், அதையும் தான் கழுவிவிட்டதாக. அந்த ஜாடியிலிருந்து ஒரு பாட்டில் இந்த வீட்டைவிட்டு வெளியே போயிருக்கிறது. தேன்மொழி சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, அவர் ஆபீசில் இருந்தார். இவன் அதைச் சாப்பிட்டானா? சாப்பிட்டு உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்றால் பூக்கள் சுத்தம், உண்மையான சுத்தம், அவள் நெஞ்சுதான் நின்றது, தேனீக்கள் குளிரில் செத்தன, எல்லாம் வெறும் சித்திரை மாசத்து விபத்து. இவனை ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் எதிரே உட்காரவைத்து மனசுக்குள் கொலைகாரனாக்கின பன்னிரண்டு வருஷத்தை என்ன செய்வது? சாப்பிடவில்லை என்றால்? பாட்டிலைக் கையில் வாங்கினபோது, கண்ணாடிக்குள் அந்த இதழ்களைப் பார்த்தபோது, ஐயோ இது அந்தப் பூவாச்சே என்று அவனுக்கு உறைத்திருந்தால்? அக்காவிடம் எப்படிச் சொல்வது, மாமா என்ன நினைப்பார் என்று தயங்கி, ஒரு கரண்டியில் என்ன ஆகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, வண்டியைக் கிளப்பி, வளைவில் எங்கேயோ பாட்டிலைப் பள்ளத்தில் வீசிவிட்டுப் போயிருந்தால்? வாயைத் திறக்காமல். ஐந்து வினாடி. துடைப்பத்தோடு நின்ற ஒருவன், பாட்டிலோடு நின்ற ஒருவன், நடுவில் அவள் கரண்டியால் எடுத்து வாயில் வைக்கிறாள்.

சாப்பிட்டாயா என்று கேட்கக் கூடாது. சாப்பிட்டேன் என்பான், யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்வான், அதையும் இன்னொரு பன்னிரண்டு வருஷம் மெல்ல வேண்டியிருக்கும். அதற்கு அவர்கிட்டே நாள் இல்லை. அப்போதுதான், யாரும் கூப்பிடாமல், தேன்மொழியின் சிரிப்பு காதில் விழுந்தது. ஜாடியைத் திறந்த அன்றைக்குச் சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறபோது, ஜாடியை நீட்டிக்கொண்டு அவள் சிரித்தது. புதுசாக இருக்கட்டுமென்று இந்தத் தடவை ரோஜாவோடு இரண்டு கைப்பிடி லாவெண்டரையும் போட்டுவிட்டாளாம். "சோப்பை நக்குன மாதிரி இருக்குங்க, வாயெல்லாம் நுரை வராத குறைதான்! யார்கிட்டயும் சொல்லிராதீங்க." வீணாக்க மனசில்லாமல் மறுநாளும் அதற்கு மறுநாளும் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றாள். எழிலுக்கு இது தெரியாது. யாருக்குமே தெரியாது. அதை வாயில் வைத்தவளுக்கும், அவள் சொல்லக் கேட்டவருக்கும் மட்டும்தான் தெரியும். வேறொருவன் ஒரே ஒரு கரண்டி வைத்திருந்தால் அவனுக்கும் தெரியும், அதை ஆயுசுக்கும் மறக்க முடியாது. வைக்காதவன் அக்கா கைமணம் என்பான், தேன் மாதிரி இருந்தது என்பான்.

கேட்காமல் விட்டுவிடலாம். வியாழக்கிழமை வரும், குழந்தை இவன் மடியில் உட்காரும், அழும், எல்லோரும் சர்பத் குடிப்பார்கள். கேட்டால் இரண்டு பேரில் ஒருவன் அந்தப் பந்தலில் நிமிர்ந்து உட்கார முடியாது. எவன் என்பது இன்னும் தெரியாது. உள்ளே எழில் குழந்தைக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். குட்டுவன் அடுத்த பூவை எடுத்துக் காம்பைத் திருகப்போனான். மாசிலாமணி கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தது கொஞ்சம் பலமாகத்தான் இருந்திருக்க வேண்டும், அவன் நிமிர்ந்து பார்த்தான். அவர் குரல் அவருக்கே யாரோ பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி, மிகச் சாதாரணமாகக் கேட்டது.

"அக்கா குடுத்த அந்தப் பாட்டில் குல்கந்து, வாயில வெச்சப்ப எப்படி இருந்துச்சு மாப்ள?"